நான்கு திருகாணிகளும் நாற்பது லட்சம் டாலரும்

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் கவிழ்த்துப் பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகடும் அதில் நான்கு திருகாணிகளும் தெரியும். அவற்றைக் கழற்றினால் கழுத்து தனியாகக் கையோடு வந்துவிடும். ஏகாண்ட வீணை செய்கிறவர்கள் குடத்தையும் தண்டியையும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுப்பார்கள். ஒட்டு இல்லை என்பதுதான் அதன் பெருமை. லியோ ஃபெண்டருக்கு நேர் எதிரான புத்தி. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோவில் ஒரு வால்வு போனால் அதை மட்டும் பிடுங்கி வேறு மாட்டுவதுபோல, கிட்டாரிலும் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டும் என்று நினைத்தார். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அந்தப் பழுதுக்கடைக்காரரின் புத்தியில் பிறந்தது.

இந்தக் கட்டுரையின் நாயகன் அப்படிப்பட்ட ஒரு கிட்டார்தான். ஐம்பது ஆண்டுகளில் அதன் கழுத்து பலமுறை மாறியது. ஒலியை மின்சாரமாக்கும் பிக்அப்புகள் மாறின. முகத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தகடு மாறியது. உடல் மரத்தில் துளை போட்டார்கள், அடைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். 2019இல் நியூயார்க்கில் அதை ஏலம் விட்டபோது 39,75,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 27 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை உலகில் எந்தக் கிட்டாரும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. எத்தனையோ பேர் கை வைத்துக் கிழித்துத் தைத்த ஒரு சாமானுக்கா இந்த விலை என்று கேட்கத் தோன்றும். கிழித்ததற்கும் தைத்ததற்கும்தான் விலை என்பது என் கட்சி.

1970இல் பிங்க் ஃபிளாய்ட் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோருக்கு அப்போது வயது 24. கருவிகளைத் தொலைப்பதில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. 21ஆம் பிறந்தநாளுக்குப் பெற்றோர் வாங்கித் தந்த வெள்ளை டெலிகாஸ்டர் கிட்டார், விமானப் பயணத்தில் காணாமல் போயிருந்தது. இந்தப் பயணத்தின்போது நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வாங்கினார். சில வாரங்கள்கூட அது அவரிடம் தங்கவில்லை. நியூ ஆர்லியன்ஸில் குழுவின் கருவிகள் ஏற்றிய வண்டியையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. அந்த ஸ்ட்ராட் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் கில்மோர் அதை வாங்கிய அதே கடைக்கு மறுபடியும் போனார். நியூயார்க் 48ஆவது தெருவில் இருந்த மேன்னிஸ். அந்தத் தெரு முழுக்க இசைக்கருவிக் கடைகள். மேன்னிஸ் அவற்றுள் மூத்த பெயர், 1935இல் தொடங்கியது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அடிக்கடி வந்து கிட்டார் வாங்கிப்போன இடம். (2009இல் மூடிவிட்டார்கள்.) தொலைந்ததற்கு ஈடாக இன்னொரு கறுப்பு ஸ்ட்ராட்டை எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் எல்லாரும் 'கறுப்பு ஸ்ட்ராட்' என்று பெயர்சொல்லிக் குறிக்கப்போவது இதைத்தான். அன்று அது வெறும் மாற்று. பேருந்தில் குடையைத் தொலைத்தவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இன்னொரு குடை வாங்குவதைப் போல.

வாங்கியபோது அதன் சாதகம் அவ்வளவு சிலாக்கியமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லியோ ஃபெண்டர் 1965இல் தன் கம்பெனியைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் எண்ணிக்கை ஏறியது, கைப்பாங்கு குறைந்தது என்பது சேகரிப்பாளர்களின் தீராத குறை. சி.பி.எஸ்.ஸுக்கு முந்தைய கிட்டார் என்றால் ஒரு விலை, பிந்தையது என்றால் வேறு விலை. இது 1969இல் செய்தது. பெருத்த தலைப்பகுதியைப் பார்த்தாலே எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும். போதாததற்கு, கறுப்பு அதன் சொந்த நிறமும் இல்லை. நடுவில் மஞ்சளும் விளிம்பில் கருமையுமாகச் சூரியன் மறைவதைப்போல ஒரு பூச்சு உண்டு; கீழே அது இருந்தது, அதன்மேல்தான் கறுப்பு அடித்திருந்தார்கள். பழைய கிட்டார் வாங்குகிறவர்களிடம் 'மறுபூச்சு' என்று ஒரு சொல் சொன்னால் போதும், விலையில் பாதியை அங்கேயே கழித்துவிடுவார்கள்.

1970 ஜூனில் இங்கிலாந்தின் பாத் இசைவிழாவில் அது மேடையேறியது. பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அது வேலைக்கார கிட்டார். பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் போற்றியதெல்லாம் கிடையாது.

கில்மோர் அதை நடத்திய விதம், நம்மூரில் பழைய மொபெட் வைத்திருப்பவர் மெக்கானிக் கடையில் போய் நிற்பதைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. கேபிள் சொருகும் துளை சரியில்லையா, மைக் கேபிளின் தலையை மாட்டும்படி உடலிலேயே ஒரு பெரிய துளை போடு. அது ஒத்துவரவில்லையா, அடைத்துவிடு. 1972இல் மேப்பிள் கழுத்தைக் கழற்றிவிட்டு, 1963ஆம் ஆண்டு ஸ்ட்ராட் ஒன்றின் கழுத்தை எடுத்து மாட்டினார். ரோஸ்வுட் பலகையில் மெட்டுகள் பதித்தது. அடுத்த ஆண்டு, இருக்கும் மூன்று பிக்அப் போதாது என்று கிப்சன் கிட்டாரின் இரட்டைச் சுருள் பிக்அப் ஒன்றை நடுவே திணித்துப் பார்த்தார், பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார். எடுத்தாலும் மரத்தில் குடைந்த பள்ளம் போகுமா? 1974இல் வெள்ளைத் தகடு போய்க் கறுப்புத் தகடு வந்தது. இப்போது உடலும் முகமும் எல்லாம் ஒரே கறுப்பு. சுருதியை அசைக்கும் கம்பியை, உள்ளங்கையில் அடங்கும்படி நாலேகால் அங்குலமாக நறுக்கிக்கொண்டார். 1976இல் குதிரைக்குப் பக்கத்துப் பிக்அப் மாறியது. 1978இல் சார்வெல் கம்பெனியின் கழுத்து வந்தது. 1979இல் அந்தப் பிக்அப் மறுபடி மாறியது. இம்முறை சீமோர் டங்கன் சுற்றிக் கொடுத்தது.

இந்தப் பட்டியல் சலிப்பூட்டினால், அதன் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலை வைத்துப் பார்க்கலாம். ரோஸ்வுட் கழுத்து இருந்த காலத்தில்தான் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' பதிவானது. 1973 மார்ச்சில் வெளிவந்து, உலகில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது. அதே கழுத்தோடுதான் 1975இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில், 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாடலுக்கு விதையான அந்த நான்கு ஸ்வரங்கள் வாசிக்கப்பட்டன. நான்கே ஸ்வரம், நடுவில் நிறைய மௌனம். மனம் பிறழ்ந்து குழுவைவிட்டுப் போன பழைய தோழர் சிட் பேரட்டைப் பற்றிய பாடலாக அது வளர்ந்தது. 1979இல் சார்வெல் கழுத்து இருந்தபோது 'கம்ஃபர்ட்டபிளி நம்' பாடலின் கடைசியில் வரும் நீண்ட தனிவாசிப்பு. அந்தப் பாடல் இடம்பெற்ற 'தி வால்' இசைத்தட்டின் மேடை நிகழ்ச்சிகளில் குழுவுக்கும் ரசிகர்களுக்கும் நடுவே அட்டைப்பெட்டிச் செங்கற்களால் ஒரு மதிலே கட்டி எழுப்புவார்கள். அந்த மதிலின் உச்சியில் தோன்றி கில்மோர் அதை வாசிப்பார்.

ஆக, எந்த இசைத்தட்டு எந்தக் கழுத்தில், எந்தப் பிக்அப்பில் என்று சொல்லிவிட முடிகிறது. துளைகளும் அடைப்புகளும் அந்தத் தொழிற்சாலை மரத்தின்மேல் எழுதிய நாட்குறிப்பு மாதிரி. வேறு எந்த 1969 ஸ்ட்ராட்டிலும் அந்தப் பள்ளங்கள் அந்த இடங்களில் இருக்க வழியில்லை.

1983இல் அதற்குப் பெரிய வெட்டு விழுந்தது. கேலர் என்ற கம்பெனி அப்போது புதுவிதமாக ஒரு சுருதி அசைப்பான் விற்றுக்கொண்டிருந்தது. எண்பதுகளின் மோகம் அது. அதைப் பொருத்த, குதிரைக்குக் கீழே உடல் மரத்தைக் கணிசமாகச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். செதுக்கி முடித்த கொஞ்ச நாளிலேயே கில்மோரின் மனம் வேறு பக்கம் போயிற்று. ஃபெண்டர் கம்பெனி தன் 1957 மாதிரியை மறுபடி செய்து விற்கத் தொடங்கியிருந்தது. அவர் அவற்றுக்கு மாறினார். 1987க்குப் பிறகு பிங்க் ஃபிளாய்ட் மேடைகளில் அவர் கையில் இருந்தது சிவப்பு ஸ்ட்ராட். கறுப்புக்கு ஓய்வு. ஓய்வு என்றால் நடு வயதில் மில்லை மூடிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது போன்ற ஓய்வு.

1986 வாக்கில் அது அமெரிக்காவின் டல்லஸ் நகர ஹார்டு ராக் கஃபேக்கு இரவலாகப் போனது. பிரபலங்களின் கிட்டார்களைச் சுவரில் மாட்டி, அவற்றின் கீழே பர்கரும் பியரும் விற்கும் உணவகத் தொடர் அது. பத்தாண்டுக்கு மேல் அங்கே கிடந்தது. 1997இல் கில்மோர் திருப்பிக் கேட்டு வாங்கியபோது அழுக்கேறி, அடிபட்டு, சில உதிரிகளே காணாமல் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பின்னாளில் நாற்பது லட்சம் டாலர் போகப்போகும் பொருள், பத்து ஆண்டுகள் பொரித்த எண்ணெய் வாசத்தில் தொங்கியிருக்கிறது. கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ. யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை என்று கதையை உருக்கமாக்கலாம். ஆனால் உடைமைக்காரருக்கே அப்போது அது வேண்டியிருக்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில். வாசிப்பவன் கையில் இல்லாதபோது அது வெட்டுப்பட்ட மரம். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததற்கு வைத்தியம் பார்த்தவர் ஃபில் டெய்லர். 1974 முதல் கில்மோரின் கருவிகளைப் பராமரித்தவர். கேலருக்காக வெட்டிய பள்ளத்தை மரம் வைத்து அடைத்து, மேலே கறுப்படித்து, பழைய பாணி குதிரையை மறுபடி மாட்டினார்கள். புதிய உதிரிகள் வந்தன. ஆனாலும் சில ஆண்டுகள் அது பெரிதாக வெளியே வரவில்லை.

பிறகு 2005 ஜூலை 2. லண்டன் ஹைடு பார்க்கில் 'லைவ் 8' நிகழ்ச்சி. பிங்க் ஃபிளாய்டிலிருந்து சண்டையிட்டுப் பிரிந்திருந்த ரோஜர் வாட்டர்ஸும் குழுவின் மற்ற மூவரும் 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் நின்றார்கள். நால்வரும் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி. 2008இல் நால்வரில் ஒருவரான ரிக் ரைட் இறந்துபோனார். ஒத்திகையின்போது கில்மோர் சிவப்பு ஸ்ட்ராட்டை விட்டுவிட்டுக் கறுப்பைக் கையில் எடுத்திருந்தார். 1979இல் அதில் வாசித்த அதே பாட்டை, 'கம்ஃபர்ட்டபிளி நம்'மை, அதே மரத்தில் வாசித்தார். கழுத்து மட்டும் அதே கழுத்தில்லை. எண்பதுகளில் வந்த இன்னொரு ஸ்ட்ராட்டிலிருந்து எடுத்த மேப்பிள் கழுத்து அப்போது அதில் இருந்தது. நம் கோயில் தேரில் சக்கரம் மாற்றி, அச்சு மாற்றி, ஒவ்வொரு சட்டமாக மாற்றிக்கொண்டே வருவார்கள். ஊராரைக் கேட்டால் எங்கள் பாட்டன் இழுத்த தேர் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று யாரும் வாதாடுவதில்லை.

அதற்குப் பிறகு அதற்கு இரண்டாம் வாழ்வு. கில்மோரின் 60ஆம் பிறந்தநாளுக்கு, ஹெண்ட்ரிக்ஸிடம் இருந்த தோள்வார் ஒன்றை மனைவி பாலி சாம்சன் பரிசளிக்க, அதுவும் இந்தக் கிட்டாரில் ஏறியது. 2008இல் ஃபில் டெய்லர் இந்த ஒரே கிட்டாரைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எந்த ஆண்டு எந்தத் திருகாணி என்கிற அளவுக்கு அதில் விவரம். ரசிகர்களுக்காக எழுதியதுதான். ஆனால் ஏலச் சந்தையின் கண்ணில் பார்த்தால் அதைவிட உறுதியான பட்டா வேறு இல்லை. நிலத்துக்கு மூலப் பத்திரம் எப்படியோ, புகழ்பெற்றவர் கிட்டாருக்கு 'இது அதேதான்' என்ற சான்று அப்படி.

சான்று எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாடகர் பாப் டிலன் கதையைச் சொல்லலாம். 1965இல் நியூபோர்ட் விழாவில், நாட்டுப்புற இசை ரசிகர்கள் கூச்சல்போட அவர் மின்கிட்டார் வாசித்தாரே, அந்த ஸ்ட்ராட் ஒரு சிறு விமானத்தில் தங்கிவிட்டது. பல பத்தாண்டுகள் விமானியின் வீட்டில் கிடந்தது. அதேதானா என்று உறுதிசெய்ய, பழைய நிழற்படங்களில் தெரியும் மரவரிகளையும் கிட்டாரின் மரவரிகளையும் ஒப்பிட்டார்கள். மரவரி கைரேகை மாதிரி. ஒன்றுபோல் இன்னொன்று அமையாது. 2013இல் அது 9,65,000 டாலருக்குப் போனது. எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' என்ற கிட்டாரோ மூன்று ஸ்ட்ராட்டுகளைப் பிரித்து நல்ல பாகங்களை மட்டும் சேர்த்துக் கட்டியது. அதுவும் 2004இல் 9,59,500 டாலர் பெற்றது. மூன்றில் எது அசல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

2019 தொடக்கத்தில் கில்மோர் தன் கிட்டார்களில் நூற்றிருபதுக்கு மேற்பட்டவற்றை விற்கப்போவதாக அறிவித்தார். பணம் முழுவதும் கிளையண்ட்எர்த் என்ற அமைப்புக்கு; பருவநிலையைக் காக்க அரசுகளையும் நிறுவனங்களையும் நீதிமன்றத்தில் எதிர்கொள்ளும் வழக்கறிஞர்களின் அமைப்பு. கிறிஸ்டீஸ் ஏலக்கூடம் அவற்றை லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் மூன்று ஊர்களிலும் காட்சிக்கு வைத்தது. கறுப்பு ஸ்ட்ராட்டுக்கு அவர்கள் போட்ட மதிப்பு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் டாலர். ஏலக்கூடங்கள் மதிப்பைத் தாழ்த்தி வைத்து ஆசை காட்டும் என்பது தெரிந்ததுதான்; ஆனாலும் ஜூன் 20ஆம் தேதி நடந்ததை அவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். கேட்பு ஏறிக்கொண்டே போய், கூடத்தின் தரகும் சேர்ந்து 39,75,000 டாலரில் நின்றது. மேல்மதிப்பைப்போல 26 மடங்கு.

அன்றைய ஏலத்தில் ஒரு ஒப்பீடு தானாகவே அமைந்தது. '0001' என்ற வரிசை எண் பொறித்த 1954ஆம் ஆண்டு வெள்ளை ஸ்ட்ராட்டும் விற்பனைக்கு வந்தது. லியோ ஃபெண்டர் காலத்தது, அரியது, சேகரிப்பாளர்கள் கனவு காணும் எண். அது 18,15,000 டாலர். பாதிக்கும் கீழே. சி.பி.எஸ். காலத்து, மறுபூச்சுப் பூசிய, கழுத்து மாற்றிய, பள்ளம் அடைத்த கிட்டார் அதைத் தாண்டிப் போய்விட்டது. பழம்பொருள் சந்தையின் அரிச்சுவடியே அங்கே தலைகீழானது: கன்னி கழியாத பொருளுக்கு விலை என்பது போய், வாழ்ந்து கெட்ட பொருளுக்கு விலை. ஏலத்தின் மொத்தத் தொகை 2,14,90,750 டாலர்.

வாங்கியவர் ஜிம் இர்சே. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் அன்றைய உரிமையாளர். டிலனின் அந்த நியூபோர்ட் ஸ்ட்ராட்டையும், ஜெர்ரி கார்சியாவின் 'டைகர்' கிட்டாரையும், ஜாக் கெரவாக் 'ஆன் தி ரோடு' நாவலைத் தட்டச்சுசெய்த நீண்ட காகிதச் சுருளையும் ஏற்கெனவே வாங்கிச் சேர்த்திருந்தவர். தன் சேகரிப்பை ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகக் காட்டினார். கறுப்பு ஸ்ட்ராட்டின் சாதனை ஓராண்டுதான் நின்றது. 2020 ஜூனில் ராக் பாடகர் கர்ட் கோபேனின் மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. கோபேன் அதை வாசித்தது எம்டிவி நிகழ்ச்சியில், 1993இல். இறந்தது 1994 ஏப்ரலில். வாசித்தவர் இளம்வயதில் போய்ச் சேர்ந்தால் கருவிக்கு விலை கூடுகிறது என்பது இந்த வியாபாரத்தில் பேச யாரும் விரும்பாத கணக்கு. கறுப்பு ஸ்ட்ராட்டை வாசித்தவரோ உயிரோடு இருந்து, தானே விற்று, தானே தானம் கொடுத்தார். அந்த வகையில் அதன் விலை இன்னும் வியப்புக்குரியது. இர்சே 2025 மே மாதம் காலமானார்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு விஷயம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2008இலேயே ஃபெண்டர் கம்பெனி கறுப்பு ஸ்ட்ராட்டுக்கு நகல் போடத் தொடங்கியிருந்தது. அதில் இரண்டு வகை: பளபளவென்று புதிதாக ஒன்று; தொழிலாளர்கள் வேண்டுமென்றே சுரண்டி, கறுப்புப் பூச்சை அசலில் தேய்ந்த இடங்களிலேயே தேய்த்து, கீழேயுள்ள மஞ்சள் தெரியும்படி செய்தது இன்னொன்று. கில்மோர் ஆண்டுக்கணக்கில் வாசித்துத் தேய்த்ததை, ஒரு தொழிற்சாலைக்காரர் உப்புத்தாள் வைத்துச் சில மணி நேரத்தில் தேய்த்துவிடுகிறார். புதியதைவிடத் தேய்த்ததற்குத்தான் விலை கூடுதல். நறுக்கிய அந்தச் சின்னக் கம்பியையும் மறக்காமல் சேர்த்தே தருகிறார்கள்.

அசலை விற்றபின் கில்மோர் வாசிப்பதை நிறுத்தவில்லை. 2024இல் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' இசைத்தொகுப்பை வெளியிட்டு, ரோம் நகரின் சர்க்கஸ் மாக்ஸிமஸ் மைதானத்திலும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலிலும் மேடையேறினார். வயது 78. 'கம்ஃபர்ட்டபிளி நம்' வாசிக்க அவர் எடுத்துக்கொண்டது, தன் பெயரில் கம்பெனி செய்த கறுப்பு ஸ்ட்ராட்டுகளில் ஒன்றை. பின்வரிசையில் நின்றவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. முன்வரிசையில் நின்றவர்களுக்கும்தான்.